கடிதம் வழி தவறவில்லை

(கடைசி வரிசைக் கால்பந்து – 6)

சென்ற வாரம் பார்த்த பிஷப் ஆக்லாண்டிலிருந்து மூன்று மைல் தள்ளி, அதே டர்ஹம் மாவட்டத்தில், வெஸ்ட் ஆக்லாண்ட் என்ற நிலக்கரிக் கிராமம் இருக்கிறது. அதன் கால்பந்துச் சங்கம் 1909-லும் 1911-லும் இத்தாலியின் டியூரின் நகரத்துக்குப் போய், தேயிலை வியாபாரி சர் தாமஸ் லிப்டனின் பெயரிலான கோப்பையை இரண்டு முறையும் வென்று வந்தது. இரண்டாவது முறை இறுதிப் போட்டியில் தோற்ற அணி யுவென்டஸ். கோல் கணக்கு 6–1. இவ்வளவும் பதிவில் உள்ள செய்தி. ஆனால் இந்தச் சங்கத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் முதலில் எடுப்பது வேறொரு கதையை. லிப்டனின் ஆட்கள் கூப்பிட நினைத்தது லண்டனின் வுல்விச் ஆர்சனலையாம். இரண்டு சங்கங்களுக்கும் ஆங்கில முதலெழுத்துகள் டபிள்யூ, ஏ என்று ஒன்றாகவே இருந்ததால் கடிதம் ஊர் மாறிப் போய்விட்டதாம். விவரம் அறியாத சுரங்கத் தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, கோப்பையோடு திரும்பினார்களாம். டென்னிஸ் வாட்டர்மேன் நடித்து 1982-ல் வந்த தொலைக்காட்சிப் படத்துக்குப் பிறகு இந்த ஊரின் பெயர் பிரிட்டன் முழுக்கத் தெரிந்தது. கூடவே இந்தக் கதையும் பரவியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்பத்தான் முடியவில்லை. அதை நம்பினால், ஒரு வட்டாரமே உழைத்துச் சேர்த்த திறமையை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பது என் குறை.

முதலில் நாள்காட்டியைப் பார்ப்போம். இரண்டு போட்டிகளும் ஈஸ்டர் விடுமுறையில் நடந்தன. 1909-ல் ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 11. 1911-ல் ஏப்ரல் 16. இங்கிலாந்தின் தொழில்முறைச் சங்கங்களுக்கு ஈஸ்டர் என்பது அடுத்தடுத்து லீக் ஆட்டங்கள் வரும் நேரம். கூட்டம் நிறையும், வசூலும் கொட்டும். வுல்விச் ஆர்சனல் அப்போது முதல் டிவிஷனில் இருந்தது. லீக் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த வாரம் டியூரினுக்குப் போக அதற்கு அனுமதியும் கிடைக்காது, மனமும் வராது. கால்பந்து விவரம் கொஞ்சமாவது தெரிந்த எவரும் அந்த நாட்களுக்கு ஆர்சனலைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். லிப்டனின் ஆட்களுக்கு அந்த விவரமே தெரியாது என்று வாதத்துக்காக ஒப்புக்கொள்ளலாம். 1909-ல் ஆள் மாறி வந்துவிட்டார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1911-ல்? கோப்பையை வைத்திருப்பவர் என்ற முறையில் அதே கிராமத்தை அதே போட்டிக்கு மறுபடி அழைத்தார்கள். இந்த முறை யார் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் அழைப்பு பிழை என்று டியூரினில் யாராவது வருந்தியிருந்தால், திருத்திக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது.

அப்படியானால் அழைப்பு எப்படித்தான் போனது? இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இந்தப் போட்டிக்கு அணி அனுப்ப மறுத்துவிட்டது. ஐரோப்பாவில் நடக்கும் போட்டிகளை அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் புருவம் உயர்த்தித்தான் பார்த்தது. தன் பெயரில் நடக்கும் போட்டியில் தன் நாட்டு அணி இல்லாமல் போவதை லிப்டன் விரும்பவில்லை. ஆகவே தொழில்முறை லீகுக்கு வெளியே, அமெச்சூர் சங்கங்களுக்குள் தேட வேண்டியதாயிற்று. லிப்டன் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் வட இங்கிலாந்தின் நார்தர்ன் லீகில் நடுவராகவும் இருந்தார், அவர் வழியாகவே அழைப்பு வந்தது என்று இன்னொரு வழக்கும் உண்டு. அதைச் சத்தியம் செய்து சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் முதலெழுத்துக் கதைக்கு இருப்பதைவிட இதற்குப் பொருத்தம் அதிகம். சுரங்கத்து ஆட்டக்காரர்களின் திறமை நேரில் பார்த்த ஒருவருக்குத் தெரிந்திருந்தது என்பதே அதன் சாரம். அந்தத் திறமைக்குத் தனியே சான்று இருக்கிறது.

நார்தர்ன் லீக் 1889-ல் தொடங்கியது. தொழில்முறை ஃபுட்பால் லீகை விட ஒரு வயதுதான் இளையது. அமெச்சூர் கோப்பை 1894-ல் வந்தது. அதன் முதல் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு முறை வென்றவை வடகிழக்கு மூலையின் அணிகள்: மிடில்ஸ்பரோ, பிஷப் ஆக்லாண்ட், ஸ்டாக்டன், குரூக் டவுன், வெஸ்ட் ஹார்ட்டில்பூல். மீதி நான்கில் மூன்றை எடுத்துக்கொண்டவர்கள் பெரிய பள்ளிகளில் படித்த கனவான்களின் சங்கங்கள். ஷிஃப்டு முடிந்து கரி கழுவிவிட்டுப் பந்தாட வந்தவர்கள், ஓய்வும் வருமானமும் உள்ளவர்களுக்கென்று வகுத்த கோப்பையை ஏறக்குறைய வழக்கமாகவே தூக்கிக்கொண்டு போனார்கள். வெஸ்ட் ஆக்லாண்ட் அந்த அணிகளில் முன்னணி அல்ல, உண்மைதான். ஆனால் வாராவாரம் அவர்களோடு மோதித் தேறிய அணி. தேவைப்பட்டபோது பக்கத்து ஊரிலிருந்து ஆட்டக்காரரை இரவல் வாங்கவும் அதற்குத் தெரியும். 1909-ல் டியூரினுக்குப் போனவர்களில் குரூக் டவுனின் ஜாக் கிரீன்வெல்லும் ஒருவர். பின்னாளில் பார்சிலோனாவின் பயிற்சியாளராகி, 1939-ல் பெரு நாட்டைத் தென் அமெரிக்கச் சாம்பியனாக்கிய அதே கிரீன்வெல். அவரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிய சங்கத்தை ‘விவரம் அறியாத கிராமத்தார்’ என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். பக்கத்திலேயே பிஷப் ஆக்லாண்ட் இருக்க, பட்டம் வெல்லாத சங்கத்தை ஏன் தேர்ந்தார்கள்? பிழை நடந்ததற்கு இதுவே அடையாளம் அல்லவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏப்ரல் மாதத்தில், சம்பளம் இல்லாமல் வேலைக்கு லீவு போட்டு, சொந்தச் செலவில் ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் போக ஒரு சங்கம் சம்மதிக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவருக்குச் சிறந்த அணி தேவைப்பட்டிருக்கலாம். வரச் சம்மதிக்கும் அணி அதைவிட அவசரமாகத் தேவைப்பட்டிருக்கும். போட்டிகளுக்கு அழைப்பு போகும் விதம் பெரும்பாலும் இதுதான். அதில் மர்மத்துக்கு இடமில்லை.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வருகிறது: வென்றது பெரிய விஷயமா, எதிரணிகள் சொத்தை அல்லவா? இதில் பாதி உண்மை. 1909-ல் வெஸ்ட் ஆக்லாண்ட் அரையிறுதியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஸ்போர்ட்ஃப்ராய்ண்டவையும், இறுதியில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரையும் வென்றது, இரண்டும் 2–0. அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச்சில், இங்கிலாந்தின் அமெச்சூர் அணி ஆக்ஸ்ஃபோர்டில் ஜெர்மனியை 9–0 என்று நொறுக்கியிருந்தது. மே மாதம் பாசல் நகரில் சுவிட்சர்லாந்துக்கும் அதே 9–0. பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான தரவித்தியாசம் அன்று அவ்வளவு. யுவென்டஸையும் இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. 1897-ல் மாணவர்கள் தொடங்கிய சங்கம் அது. 1905-ல் ஒருமுறை இத்தாலியச் சாம்பியன். அன்யெல்லி குடும்பத்தின் கைக்கு வந்தது 1923-ல்தான். ஆக, 6–1 என்பதை நினைத்து மூக்கில் விரல் வைக்கத் தேவையில்லை. நான் சொல்வதும் அதைத்தான். அதிசயம் நடக்கவில்லை; டர்ஹம் கால்பந்தின் தரத்துக்கு அது எதிர்பார்க்கக்கூடிய முடிவு. ஆர்சனல் கதைக்கு உயிர் கொடுப்பது அதிசயம் ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் தவறிப்போன கடிதத்துக்கு அவசியமே இல்லை.

ஊரார் இதை ‘முதல் உலகக் கோப்பை’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 2013-ல் ஊர்ப் புல்வெளியில் சிலையும் எழுப்பினார்கள். நான்கே அணிகள், அவையும் நாட்டணிகள் அல்ல, சங்கங்கள். அதே டியூரினில் அதற்கு முந்திய ஆண்டே இன்னொரு சர்வதேசப் போட்டி நடந்திருக்கிறது. பட்டம் மிகைதான். ஒரு கிராமம் தன் வாசலில் கொஞ்சம் மிகையாக எழுதிக்கொண்டால் அதோடு மல்லுக்கு நிற்க எனக்கு விருப்பமில்லை.

பணத்தின் கணக்கு அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. கோப்பை கொடுப்பது லிப்டனுக்குப் பழக்கம். 1905-லிருந்து அர்ஜென்டினாவும் உருகுவேயும் மோதியது ஒரு லிப்டன் கோப்பைக்கு; நேப்பிள்ஸும் பலெர்மோவும் மோதியது இன்னொன்றுக்கு. படகுப் பந்தயத்தில் அமெரிக்கா கோப்பைக்கு ஐந்து முறை அவரே முயன்று ஐந்து முறையும் தோற்றார். தோல்விகள் வழியாகவும் தேயிலை விற்றது. அந்தத் தேயிலையின் பின்னால் நம் ஆட்களும் இருக்கிறார்கள். காப்பிப் பயிர் நோயில் அழிந்த இலங்கை மலைநாட்டில் 1890-ல் தோட்டங்களை மலிவாக வாங்கினார் லிப்டன். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னவில் தொழிற்சாலை கட்டினார். அங்கே கொழுந்து பறித்தவர்கள் கங்காணிகள் திரட்டிப்போன தமிழர்கள். டியூரினில் பளபளத்த வெள்ளிக்கு அவர்களும் உழைத்திருக்கிறார்கள். ஆடியவர்களின் பாடோ, கோப்பை கையில் இருந்தும் பயணச் செலவுக்கு வழியில்லை என்பது. ஆட்டக்காரர்கள் வீட்டுச் சாமானை விற்றும் அடகு வைத்தும் பயணத்துக்குப் பணம் சேர்த்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

1909 பிப்ரவரி 16 அன்று, முதல் பயணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது, அதே மாவட்டத்தின் வெஸ்ட் ஸ்டான்லி சுரங்கம் வெடித்து 168 ஆண்களும் சிறுவர்களும் இறந்தார்கள். அந்த வேலையிலிருந்துதான் இவர்கள் ஆடப் போனார்கள். போகாத நாளுக்குக் கூலி கிடையாது. ஆட்டத்தின் பெயரில் அந்தக் கூலியை ஈடுகட்டிக்கொள்ள அமெச்சூர் விதியும் இடம் தராது. ரயில் கட்டணமும் தங்கும் செலவும் தவிர எதை வாங்கினாலும் ‘தொழில்முறை’ முத்திரை விழும். பெரிய பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது நேர்மையின் விதி. சுரங்கத் தொழிலாளிக்கு இது அபராதம். வேறு பல ஊர்களில் ஷூவுக்குள் காசு வைத்து இந்த விதியை ஏய்த்தார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். 1974-ல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையையே எடுத்துவிடும்வரை அந்த நாடகம் ஓடியது. வெஸ்ட் ஆக்லாண்ட் மாதிரிச் சின்ன சங்கத்திடம் ஷூவுக்குள் வைக்கவும் காசு இருந்திருக்காது.

1911-ல் இரண்டாம் முறை வென்றதால் கோப்பை நிரந்தரமாக அவர்களுடையது ஆயிற்று. திரும்பி வந்தபோது சங்கம் கடனில் இருந்தது. ஊரிலிருந்த வீட்ஷீஃப் விடுதியை நடத்திய அம்மாளிடம் கோப்பையை ஈடாக வைத்து 40 பவுன் வாங்கினார்கள். அன்றைய கணக்கில் அது ஒரு நிலக்கரித் தொழிலாளியின் பல மாதக் கூலி. மீட்க அரை நூற்றாண்டு ஆயிற்று: 1960-ல் அந்த அம்மாளைத் தேடிப்பிடித்து 100 பவுன் கொடுத்து வாங்கினார்கள். அதே ஆண்டு சங்கம் நார்தர்ன் லீக் பட்டத்தை முதல்முறையாக வென்றது. அடுத்த ஆண்டு மறுபடி பட்டம். அமெச்சூர் கோப்பை இறுதிக்கு வெம்ப்ளி போய் வால்தம்ஸ்டோ அவென்யூவிடம் 2–1 என்று தோல்வி. 1994 ஜனவரியில் ஊர்த் தொழிலாளர் மன்றத்திலிருந்து கோப்பை திருடு போனது. இன்றுவரை கிடைக்கவில்லை, இப்போது காட்டுவது நகல். கீழ்மட்டச் சங்கங்களுக்கான எஃப்.ஏ. வேஸ் போட்டியில் 2012-லும் 2014-லும் மறுபடி வெம்ப்ளி, இரண்டிலும் தோல்வி. இவற்றை விவரிக்க யாரும் அதிர்ஷ்டத்தையோ தபால்காரரையோ துணைக்கு அழைப்பதில்லை. தோற்றால் காரணம் ஆட்டத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவர்கள், வென்ற 1909-க்கு மட்டும் தபாலில் காரணம் தேடுகிறார்கள்.

குரூக்கின் சுரங்க வட்டாரத்தில் வளர்ந்த ஜாக் கிரீன்வெல், டியூரினுக்குப் போன மூன்றே ஆண்டுகளில் பார்சிலோனாவில் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.