நூலைப் போல சேலை! லண்டன் இளவரசருக்கு சூரத்துப் பாட்டி!

பெரம்பலூர்: பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். "அப்பா மூக்கு, பாட்டி நெத்தி" என்று பங்கு பிரித்து விடுவார்கள். கண் மட்டும் பூனைக்கண்ணாக இருந்துவிட்டால் போச்சு! "கம்பெனிக்காரன் காலத்து மிச்சம்" என்று கேலி. சில வீடுகளில் பேச்சு பெற்றவளின் நடத்தை வரைக்கும் போய்விடும்.

பெரம்பலூர் பக்கத்து ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம் வட்டாரத்தில் 1751-ல் ஆங்கிலேயர் படையும் பிரெஞ்சுப் படையும் மோதியது உண்மை. அதற்காக பூனைக்கண் எல்லாம் வெள்ளைக்காரன் சொத்தா? முகத்தை வைத்து வம்சம் சொல்ல முடியாது என்பதற்கு இங்கிலாந்து அரண்மனையே சாட்சி!

கைவிடப்பட்ட எலிசா

தியோடர் போர்ப்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். 200 வருஷத்துக்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக சூரத்துக்கு வந்தார். அங்கே எலிசா கெவார்க் என்ற பெண்ணுடன் குடும்பம் நடத்தினார். 1812-ல் காதரின் என்ற மகள் பிறந்தாள்.

பிறகு போர்ப்ஸ் பம்பாயில் பெரிய வியாபாரி ஆனார். எலிசாவை சூரத்திலேயே விட்டுவிட்டார். அவள் கடிதம் மேல் கடிதம் எழுதியும் பலன் இல்லை. பச்சைப் பிள்ளை காதரினைத் தாயிடம் இருந்து பிரித்து ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். ஊர் திரும்பும் வழியில் 1820-ல் கப்பலிலேயே போர்ப்ஸ் இறந்தார்.

காதரினின் மகள், அவள் மகள் என்று பெண் வழியாகவே வம்சம் வளர்ந்தது. எலிசாவில் இருந்து எண்ணினால் ஏழாவது பெண் யார் தெரியுமா? இளவரசி டயானா!

காட்டிக் கொடுத்த மரபணு

எலிசாவை ஆர்மீனியப் பெண் என்றே வெகுகாலம் எழுதி வந்தார்கள். 2013-ல் டயானாவின் தாய்வழி உறவினர்களிடம் எச்சில் எடுத்துப் பரிசோதித்தார்கள். கிடைத்தது இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய அபூர்வ மரபணு! எலிசாவின் தாய்வழி இந்திய வழி என்பது தெரிந்தது.

இது மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் உள்ள மரபணு. தாய் மட்டுமே பிள்ளைக்குக் கொடுப்பது. முகச் சாயலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால்தான் வில்லியம் முகத்தைப் பார்த்து யாரும் சூரத்தை நினைக்கவில்லை.

ஒளிந்து வரும் முடி

இதற்கு நேர்மாறானது செம்பட்டை முடி. ஸ்காட்லாந்து இதற்குப் பேர் போனது. இதற்குக் காரணமான மரபணு 1995-ல் தெரிய வந்தது. தாய், தகப்பன் இருவரிடம் இருந்தும் வந்தால்தான் பெரும்பாலும் முடி சிவக்கும். ஒருவரிடம் இருந்து மட்டும் வந்தால், வெளியே தெரியாமல் பல தலைமுறை ஒளிந்திருக்கும். ஒருநாள் திடீரென்று பேரப்பிள்ளை தலையில் முளைக்கும்!

கண் நிறம் பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. கருப்புக் கண் உள்ள தாய் தகப்பனுக்கும் பூனைக்கண் பிள்ளை பிறக்கலாம். பெற்றவள் மேல் பழி போட இதில் ஒன்றுமே இல்லை.

வில்லியம் வழியில் எலிசாவின் நூல் அவரோடு அறுகிறது. ஆண்பிள்ளை அதை வாங்கிக்கொள்ளலாம், தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் இருப்பது அவர்கள் தாய் கேட்டின் நூல்.

கைவிட்டவன் மறந்தாலும் பெண் பிள்ளைகள் அந்தத் தாயை 200 வருஷம் சுமந்து வந்திருக்கிறார்கள். தொட்டில் பக்கத்தில் நின்று சாயல் பார்க்கிறவர்கள் இனி கொஞ்சம் யோசித்துப் பேசட்டும்!