நட்ட கண்டல் ஏன் பிழைப்பதில்லை? பேராசிரியர் ஜயதிஸ்ஸவின் ஆய்வுகள்

ஜூலை 26 உலகக் கண்டல் தினம். அந்த நாள் நெருங்கும்போது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடனீரேரிக் கரையில் கன்று நடலாமா என்ற பேச்சு பாடசாலைகளில் எழும். நல்ல எண்ணம்தான். ஆனால் நடுவதற்கு முன்னர், மாத்தறை ருஹுணு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் எல்.பி. ஜயதிஸ்ஸவின் ஆய்வுகளை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இலங்கையில் எந்தக் கண்டல் இனம் எங்கே வளர்கிறது என்பதை மீளாய்வு செய்து, 2002 இல் பெல்ஜிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் கட்டுரை வெளியிட்டார். வெறும் பெயர்ப்பட்டியல் என்று நினைக்கலாம். ஆனால் எந்த மரம் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தால்தானே, அது ஏன் அங்கே இல்லை என்று கேட்க முடியும்?

2004 சுனாமிக்குப் பிறகு, கண்டல் இருந்த கரை தப்பியது என்று எல்லோரும் சொன்னார்கள். பிரசல்ஸைச் சேர்ந்த பரீட் டாடூ-கெபாஸ் தலைமையில் ஜயதிஸ்ஸவும் இணைந்த குழு, தென்மேற்கிலிருந்து தென்கிழக்கு வரை 24 களப்புகளையும் கழிமுகங்களையும் பார்த்து 2005 இல் முடிவை வெளியிட்டது. முட்டுவேர் ஊன்றிய கண்டல் மரங்கள் முன்வரிசையில் நின்ற இடங்களில் சேதம் குறைவு. அந்த மரங்கள் அழிந்து துணைச்செடிகள் பெருகியிருந்த காடுகள், பார்வைக்குப் பச்சையாக இருந்தும் அப்படித் தாக்குப்பிடிக்கவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அம்பாந்தோட்டை மாவட்டத்தின் களமெட்டிய களப்பு. 1960களில் உடவளவ நீர்த்தேக்கம் வந்தது. வயல்களுக்குப் பாய்ந்து மிஞ்சிய நீர் வடிந்து களப்பில் சேர்ந்தது. உப்பு குறைந்தது. கிரலா என்று சிங்களத்தில் சொல்லும் கண்டல் மரம் பெருகியது, இறால் பிடிப்பு விழுந்தது. மரத்தை யாரும் வெட்டவில்லை. உண்மையில் காடு கூடியது. ஆனாலும் மீனவர் குடும்பம் நட்டப்பட்டது. மேட்டில் எடுத்த நீர்ப்பாசன முடிவுக்குப் பள்ளத்தில் இருந்தவர்கள் விலை கொடுத்தார்கள். ஜயதிஸ்ஸ அதைக் கட்டுரையாக எழுதியதோடு நிற்கவில்லை. பெருகிய கிரலாவின் பழத்தில் பானம் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்று, இழந்த வருமானத்தில் கொஞ்சமாவது அந்த மக்களுக்குத் திரும்புமா என்று பார்த்தார்கள். ஆய்வாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சுனாமிக்குப் பின் நாடெங்கும் கண்டல் நட்டார்களே, அவை என்ன ஆயின? அவரும் சுனந்த கொடிகார முதலானோரும் 2017 இல் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். 23 இடங்களில் 67 முயற்சிகள், ஏறக்குறைய 1000 முதல் 1200 ஹெக்டேயர். வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. 36 முயற்சிகளில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளம் பக்கம் குடியேறிய வாசகர்களுக்குக் கற்பிட்டிக் கரை தெரிந்ததுதான்.

காரணங்கள் மர்மமானவை அல்ல. நீர்மட்டம் பொருந்தாத இடத்தில் நட்டார்கள். நட்டபின் பராமரிப்பு இல்லை. மாடு மேய்ந்தது, பாசி படர்ந்தது. கண்டலின் முளை நீளமான குச்சி. சேற்றில் குத்தினால் நின்றுவிடும், படம் எடுக்கவும் வசதி. எனவே எல்லா இடத்திலும் அதையே குத்தினார்கள்.

யாழ்ப்பாணக் கடனீரேரியில் அதிகம் நிற்பது கண்ணா மரம். அதற்கும் கண்டலுக்கும் பிள்ளைகள் வேறுபாடு சொல்லப் பழக வேண்டும். கண்ணாவுக்குச் சேற்றிலிருந்து பென்சில் போல மேலே நீட்டும் மூச்சுவேர். கண்டலுக்கு வளைந்து ஊன்றும் முட்டுவேர். மரமே இல்லாத வெறும் சேற்றுநிலமும் வீண்நிலமல்ல, கரைப்பறவைகள் இரை தேடும் இடம். அங்கே கன்று குத்தினால் பறவையின் சாப்பாட்டுத் தட்டில் கல் வைத்த மாதிரித்தான். ஆகவே முதல் வருடம் நடவே வேண்டாம் என்பேன். பிள்ளைகள் மாதம் ஒருமுறை போய், தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எவ்வளவு நாள் தேங்குகிறது, தானாக முளைத்த கன்று எங்கே நிற்கிறது என்று கொப்பியில் எழுதட்டும்.

இன்னொரு விடயமும் உண்டு. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம் இன்றும் அவ்வப்போது பேசப்படுகிறது. ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்குவது அதன் மையம். ஆறில்லாத குடாநாட்டில் கிணற்றை நம்பியிருக்கும் சுன்னாகத்துக்காரனான எனக்கு அந்த நீரின் பெறுமதி நன்றாகத் தெரியும். இருந்தாலும் திட்டம் வரைபவர்கள் ஒருமுறை களமெட்டியவுக்குப் போய், உப்புக் குறைந்த பிறகு இறாலுக்கு என்ன நடந்தது என்று அங்குள்ள மீனவர்களிடம் கேட்டு வரட்டும்.