உங்களுக்குத் தெரியுமா? பாம்பின் நிறம் எங்கே எழுதியிருக்கிறது?

● நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வாசலில் இருக்கும் பூந்தொட்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். மண்புழு என்று நினைத்தது பளபளவென்று நெளிந்து மண்ணுக்குள் ஓடினால், அது புழுப்பாம்பு. ஒரு சாண் நீளம் வந்தாலே அதிகம். விஷம் கிடையாது. எறும்பு, கறையான்களின் முட்டையும் புழுவும்தான் சாப்பாடு.

● புழுப்பாம்பில் ஆணே கிடையாது, எல்லாம் பெண். துணையில்லாமலே முட்டையிடும். பொரிந்து வருபவை தாயின் அச்சு அசல். மற்ற பாம்புகளுக்கு குரோமோசோம்கள் இரண்டு தொகுதி என்றால் இதற்கு மூன்று. தொட்டி மண்ணோடு ஒன்றே ஒன்று கப்பலேறினாலும் போதும், போன நாட்டில் வம்சம் பெருகிவிடும். அப்படித்தான் பல நாடுகளில் குடியேறிவிட்டது.

● தாயைப் போலவே பிள்ளை என்றால் புது நிறம் எங்கிருந்து வரும்? அதற்குத் தாய், தகப்பன் இருவரும் வேண்டும். ஒவ்வொரு மரபணுவிலும் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பிரதி வருகிறது. அந்த இரண்டு பிரதிகளின் கணக்குதான் செல்லப்பாம்பு வளர்ப்பவர்களின் முழுத் தொழிலும்.

● நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956-இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, அமெரிக்காவின் வட கரோலினாவில் கருமையே இல்லாத சோளப்பாம்பு ஒன்று பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்ற தோல் மருத்துவர் அதைச் சாதாரணப் பாம்போடு இணைத்தார். குட்டிகள் அத்தனையும் சாதாரண நிறம். அந்தக் குட்டிகளை ஒன்றோடொன்று இணைத்தபோது, தாத்தாவின் நிறம் பேரப்பிள்ளைகளில் திரும்பி வந்தது. மெண்டல் பட்டாணியில் கண்ட கணக்கு பாம்பிலும் செல்லும் என்று 1962-இல் அச்சில் ஏறியது.

● வளர்ப்பவர்கள் புது நிறத்தை ‘மார்ஃப்’ என்பார்கள். நிறம் வெளியே தெரியாமல் ஒரு பிரதியை மட்டும் உள்ளே சுமக்கும் பாம்பு ‘ஹெட்’. இரண்டு ஹெட்களை இணைத்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு அந்த நிறம் வரும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் ஹெட் பாம்புக்கும் கூடுதல் விலை உண்டு. விலை தோலுக்கு அல்ல, உள்ளே இருக்கும் எழுத்துக்கு!

● பச்சைப்பாம்பின் தோலில் பச்சை நிறமி இல்லை. மேலே மஞ்சள் நிறமி. அடியில் நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்படிகங்கள். இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. மஞ்சள் மட்டும் இல்லாமல் போனால் பச்சை நிறப் பாம்பு நீலமாகிவிடும்.

● “நாகமும் சாரையும் பின்னிப் பிணைந்து ஆடுது” என்று வேலியோரம் கூட்டம் கூடும். அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். நாகமும் சாரையும் வேறுவேறு குடும்பம். அவை இணைந்து குட்டி பிறப்பதில்லை.

● கோவையில் 2023-இல் வெள்ளை நாகம் ஒன்று மீட்கப்பட்டுக் காட்டில் விடப்பட்டது. அது வயதாகி வெளுத்ததும் இல்லை, நாகமணி சுமந்ததால் வெளுத்ததும் இல்லை. இத்தகைய வெண்மைக்குக் காரணம் நிறமி மரபணுவில் விழும் எழுத்துப் பிழை. காட்டில் வெள்ளைப் பாம்பு கழுகின் கண்ணுக்குச் சுலபமாகப் படும். கூண்டில் அதற்கே மவுசு.

● மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான், பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு. அதில் ‘ஸ்பைடர்’ என்ற மார்ஃபுக்குச் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள். அழகோடு ஒரு குறையும் சேர்ந்தே வருகிறது: தலை நிலைகொள்ளாமல் ஆடும். உட்காதின் அமைப்பே கோணல் என்று 2022-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது.

● நம் ராஜபாளையம் நாயின் கதையும் அதுதான். தூய வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில், காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன. கரு வளரும்போது நிறமி செல்களைத் தரும் திசுவுக்கு, உட்காது உருவாவதிலும் பங்குண்டு. நிறத்தில் கை வைத்தால் காதையும் தொட வேண்டியிருக்கிறது.

● 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் சிக்கின. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன 2024-ஆம் ஆண்டு விதிகள். நம் ஊர் நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. பிடித்து வளர்ப்பது குற்றம்.

● செல்லப்பிராணியாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் புளோரிடாவின் சதுப்புநிலத்தில் பெருகி, முயல்களையும் மான்களையும் தின்று தீர்த்தன. 2017-இல் அவற்றைத் தேடிப் பிடிக்க அழைக்கப்பட்டவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும். இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

● மதில் ஓரம் பாம்புச் சட்டை கிடந்தால் தூக்கிப் பாருங்கள். நிறம் அநேகமாக இருக்காது; நிறமி செல்கள் அடித்தோலோடு பாம்பிடமே தங்கிவிடும். ஆனாலும் அந்தச் சருகுத் தோலில் டி.என்.ஏ. இருக்கிறது. அமெரிக்காவில் வளர்ப்பவர்கள் தபாலில் அனுப்பிய சட்டைகளை வைத்தே, பால் பைத்தானின் வெளிர் நிறங்களுக்குக் காரணமான மரபணுக்களை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்காகப் பாம்பைத் தொட வேண்டியிருக்கவே இல்லை. அடுத்த முறை உங்கள் வீட்டருகே சட்டையை உரித்த ஆள் நேரில் வந்தால், நீங்களும் தொட வேண்டாம். தள்ளி நின்று வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள்.