கிணறு வெட்டச் சொன்ன வைத்தியம்!

நீரிழிவு நோயாளி ஒருவர் மருந்து கேட்கிறார். "போய்க் கிணறு வெட்டு!" என்கிறார் வைத்தியர்.

வேடிக்கை அல்ல. சுசுருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல், நோயாளிக்குச் சொல்லும் யோசனை இது. குடையும் செருப்பும் இல்லாமல் நெடுந்தூரம் நடக்கவும் சொல்கிறது.

ஏன்?

வயிற்றில் உணவைச் செரிக்க வைக்கும் சக்தியை ஆயுர்வேதம் "ஜடராக்கினி" என்கிறது. அடுப்பில் விறகை அளவுக்கு மீறித் திணித்தால் தீ மங்கிப் புகை சூழும். அதுபோல, பசிக்குமுன் உண்டால் வயிற்றுத் தீயும் மங்கும். செரியாத உணவு நோயைத் தரும் என்பது அதன் கருத்து.

சொகுசாக உட்கார்ந்திருப்பது, ஓயாமல் தூங்குவது, தயிரையும் வெல்லப் பண்டங்களையும் மிகுதியாக உண்பது... இவை நீரிழிவுக்குக் காரணம் என்கிறது சரக சம்ஹிதை.

இன்றைய மருத்துவம் வயிற்றுத் தீயைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால், உடல் உழைத்தால் தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் செலவழிக்கும் என்று அதுவும் சொல்கிறது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை! நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கக்கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் முள் தைத்தாலும் தெரியாது. புண் எளிதில் ஆறாது.

நடக்கலாம், செருப்போடு. டாக்டர் கொடுத்த மருந்தையும் நிறுத்தாமல்!