பாண்டு வாத்தியக் குழுவை வளர்க்கும் பாடு

தைப்பொங்கல் கழிந்ததும் எமது பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குரிய ஆரவாரம் தொடங்கிவிடும். ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடிடுவர், இல்லங்களை அலங்கரிப்பர், பிரதம விருந்தினரை அழைத்துவரப் பாண்டு வாத்தியக் குழுவொன்றும் வேண்டுமென்பர். “இன்னும் மூன்று கிழமை இருக்கிறதே, பிள்ளைகளைப் பழக்கிவிடுங்கள்” என்று பொறுப்பாசிரியருக்குக் கட்டளை பிறக்கும். மூன்று கிழமையிற் பந்தல் எழுப்பலாம். வாத்தியக் குழுவை எழுப்ப முடியாது. அது ஏன் என்பதைப் பெற்றோரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

கருவிக் குறையையே எல்லாரும் முதலிற் கூறுவர். அது மெய்யே. ஒரு பெரிய டிறம், நான்கைந்து சைட் டிறம், ஒரு சோடி சிம்பல், சில ட்றம்பெற், பல மெலோடிக்கா என்ற அளவிலேதான் நாம் கண்ட குழுக்களிற் பல உள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை கடல் கடந்து வருபவை. 2022 ஆம் ஆண்டில் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 350 ரூபாயைத் தாண்டியபோது, பழைய மாணவர் சங்கங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த நிதி பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருங்கிவிட்டது. நிற்க. பணம் கிடைத்தால் கருவி வந்துவிடும். வந்த பின்னரே ஆசிரியருடைய தொல்லை ஆரம்பமாகின்றது.

ட்றம்பெற்றும் மெலோடிக்காவும் ஒரே தாளைப் பார்த்து வாசிக்க முடியாதவை. மெலோடிக்கா எழுதிய சுரத்தையே ஒலிக்கும். வழக்கமான பி பிளாட் ட்றம்பெற்றோ எழுதியதிலும் ஒரு முழுச்சுரம் தாழ்ந்து ஒலிக்கும். எனவே ஒவ்வொரு பாட்டையும் ஆசிரியர் இருமுறை எழுத வேண்டும். வெயிலும் தன் பங்குக்கு விளையாடும். காற்றுச் சூடேற ட்றம்பெற்றின் சுருதி உயரும். மெலோடிக்காவினுள்ளே இருக்கும் உலோக நாக்குகளின் சுருதி அவ்வாறு உயர்வதில்லை. காலையில் மண்டபத்தினுள்ளே இணங்கி ஒலித்த குழு, பிற்பகலில் மைதானத்திலே பிணங்கி ஒலித்தால் பிள்ளைகளை ஏசிப் பயனில்லை. ட்றம்பெற்றின் சுருதிக் குழாயைச் சிறிது வெளியே இழுத்துவிடச் சொல்லவேண்டும்.

இவற்றினும் சுவையான சங்கதி ஒன்றுண்டு. அணிநடையின்போது வாத்தியக் குழு முன்னே செல்ல, இல்ல அணிகள் பின்னே வரும். முன்னணி நேர்த்தியாக நடக்கும். கடைசியில் வரும் இல்லமோ கால் மாறி நடக்கும். பந்தலில் இருப்போர் நகைப்பர்; அவ்வில்லத்துப் பொறுப்பாசிரியர் தலை குனிவார். உண்மையிலே குற்றம் பிள்ளைகளுடையதன்று, ஒலியினுடையது. எமது நாட்டு வெப்பத்திலே ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 350 மீற்றர் செல்லும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வழக்கமான நடையில் ஓர் அடிக்கு அரைச் செக்கன். ஆகவே டிறத்துக்கு 175 மீற்றர் பின்னால் வருபவனுக்கு அதன் முழக்கம் அரைச் செக்கன் பிந்தியே கேட்கும். இடது காலுக்கு விழுந்த முழக்கம் அவன் காதை எட்டும்போது, முன்னே செல்வோர் வலது காலை வைத்துக்கொண்டிருப்பர். அவன் கேட்டபடியே ஒழுங்காக நடக்கின்றான். பார்ப்பவர் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றுகின்றான்! 400 மீற்றர் ஓடுபாதையின் இரு கோடிகளுக்கிடையே உள்ள தூரமும் ஏறத்தாழ இதுவே. பௌதிகம் படிக்கும் மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். அணிகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் குறைப்பதும், பின்னணித் தலைவன் தன் காதை நம்பாது முன்செல்வோரின் காலைப் பார்த்து ஆணையிடுவதுமே இதற்கு நாம் அறிந்த மருந்து.

“தவிலும் நாதசுரமும் இருக்க இந்தப் பாண்டு எதற்கு?” என்று கேட்கும் பெரியோரும் உளர். தவில் கேட்டு வளர்ந்த காதுதான் இங்கேயும் உதவுகின்றது என்போம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை எட்டு அடியாக நடக்கச் செய்து, சமம் இடது காலில் விழுமாறு பழக்கினால், அந்நிய எண்ணிக்கையிலே தடுமாறும் சிறுவனும் ஒரே மாலையிற் பிடித்துக்கொள்கின்றான். ஆனால் கோயில் வீதியில் வளர்ந்தவன் கை சும்மா இராது. இடையிடையே சொந்தச் சொற்கட்டுகளைச் சேர்த்துவிடுவான். அதைத் தடுப்பது வேறொரு பாடு.

எல்லாவற்றினும் பெரிய இடர் பரீட்சை. ட்றம்பெற் ஊதும் பிள்ளையின் உதட்டுத் தசை உரம்பெறவே மாதக்கணக்காகும். நடந்துகொண்டே மைதானத்தைச் சுற்றிவரும் வரை சோராது ஊத இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். தரம் 9 இல் கருவியைத் தொட்டவன் தேறும் நேரத்திலே சாதாரண தரப் பரீட்சை வந்து நிற்கும். அதன் பின்னர் உயர்தரம். பாடசாலை விட்டதும் ரியூட்டறி. சனி ஞாயிறும் அதுவே. “பாண்டு அடித்து என்ன வேலை கிடைக்கும்?” என்று தந்தையார் ஒருவர் நம்மிடம் கேட்டார். அவர்மீது நமக்குக் கோபமில்லை. இசட் புள்ளியால் பல்கலைக்கழக வாசல் திறக்கும் நாட்டிலே அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் அவருடைய மகன் விலகிய கிழமையே, அவன் அருகில் நின்று பழகிவந்த மூன்று சிறுவர்கள் ஆசானை இழந்தார்கள். குழுவிலே பிள்ளைகள் நம்மிடம் கற்பதிலும் மூத்தவர்களிடம் கற்பதே மிகுதி. அத்தொடர்பு ஒருமுறை அறுந்தால் மறுபடி அகரத்திலிருந்தே தொடங்க வேண்டும். கருவிகள் நிறைந்த பாடசாலைகளிலும் ஓராண்டு ஓங்கி ஒலித்த குழு, மறு ஆண்டு டிறத்தை மட்டும் தட்டிக்கொண்டு வருவது இதனாலேதான்.

ஆகையால் தரம் 6 இலேயே பிள்ளைகளைச் சேர்த்தல் வேண்டும். போட்டிக்கு முன் நாள்தோறும் மூன்று மணி நேரம் வாட்டுவதிலும், ஆண்டு முழுவதும் கிழமைக்கு இரு நாள், நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் பழக்குவது மேல். படிப்பும் கெடாது, பெற்றோரும் மறுக்கமாட்டார். பரீட்சைக்காக விலகுபவன், விலகுமுன் தன் இடத்துக்கு ஒருவனைத் தயார்செய்து விடவேண்டும் என்ற விதியும் இருத்தல் நன்று. கருவிகளுக்கும் இதுவே நலம். பங்குனியிற் பூட்டிய அலுமாரியை மாரி கழிந்து மறு தையிலே திறந்தால், ட்றம்பெற்றின் வால்வுகள் அசைய மறுக்கும். மெலோடிக்காவின் ஊதுவாயிற் பூஞ்சணம் பூத்திருக்கும். எமது கல்லூரியில் அலுமாரித் திறப்பு தரம் 7 மாணவன் ஒருவனிடம் இருக்கின்றது. செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்டதும் அவன் வந்து திறந்து, வால்வு ஒவ்வொன்றுக்கும் இரண்டு துளி எண்ணெய் விட்ட பின்னரே மற்றவர்களை உள்ளே விடுவான்.