சுருங்கும் குழாயும் தாங்கும் கயிறும்

பிரிட்டனில் சாலையோர மரங்களைக் கழிப்பவர்கள் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்கிறார்கள். அந்தக் கயிற்றின் நுனியை மடக்கி, வளையமாகத் தைத்திருப்பார்கள். பல கயிறுகளில் அந்தத் தையலின் மேல் உள்ளே இருப்பது தெரியும்படியான பிளாஸ்டிக் உறை ஒன்று இறுக்கமாகப் பிடித்திருக்கும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவின் சொந்தக்காரன்தான் அது. ஒயர் இணைப்பை மூட எலக்ட்ரீஷியன் வாங்கும் பொருளுக்கு, ஆளைத் தாங்கும் கயிற்றில் என்ன வேலை?

சின்ன வேலைதான். கயிறு மரப்பட்டையில் உரசும்போது முதலில் அடிபடுவது மேலே துருத்திக்கொண்டிருக்கும் தையல் நூல். அதை உரசாமல் காப்பது உறையின் பொறுப்பு. எடையில் ஒரு துளியைக்கூட அது சுமப்பதில்லை. இவ்வகைக் கயிறுகளுக்கான இஎன் 1891 என்ற ஐரோப்பியத் தரவிதி, ‘ஏ’ வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும் என்கிறது. ஏறக்குறைய 2,200 கிலோவைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். அத்தனையும் இழை தரும் வலு.

உறை ஏன் சுருங்குகிறது என்பதை அறியப் பாலிஎத்திலீனின் கதைக்குள் போக வேண்டும். 1933-இல் இங்கிலாந்தின் நார்த்விச் நகரில், ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் இருவரும் எதிர்பாராமல் கண்டெடுத்த பிளாஸ்டிக் அது. 1950-களின் தொடக்கத்தில் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் ஆர்தர் சார்ல்ஸ்பி அதன்மீது கதிர்வீச்சைப் பாய்ச்சியபோது, தனித்தனியாகக் கிடந்த மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல ஆயின. 1957-இல் கலிஃபோர்னியாவில் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இந்த அறிவியலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

செய்முறை இதுதான். குழாயை வார்த்து, எலக்ட்ரான் கற்றையால் சங்கிலிகளைப் பிணைக்கிறார்கள். பிறகு சூடாக்கினால் அதிலுள்ள படிகங்கள் உருகும்; ஆனால் பிணைப்புகள் இருப்பதால் குழாய் ஒழுகிவிடாது, ரப்பர்போல ஆகும். அந்த நிலையில் இரண்டு, மூன்று மடங்கு அகலமாக்கி, அப்படியே குளிர வைக்கிறார்கள். படிகங்கள் மீண்டும் உருவாகி விரிந்த வடிவத்தைப் பூட்டிவிடுகின்றன. மறுபடி சூடு பட்டதும் பூட்டு திறக்கிறது. வெந்த சேமியாபோலச் சுருண்டு கிடப்பதுதான் நீண்ட சங்கிலிகளுக்கு இயல்பு. பழைய அளவுக்கே திரும்பிவிடுகின்றன.

இப்போது கயிற்றுக்கு வருவோம். டைனீமா என்ற பெயரில் விற்கும் உயர்வலு இழையும் இதே பாலிஎத்திலீன்தான். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா இருவரும் 1970-களின் இறுதியில் உருவாக்கிய முறையில், மிக நீளமான சங்கிலிகளைக் கரைப்பானில் கரைத்து, கூழாக நூற்று, பல மடங்கு இழுத்து நீட்டுகிறார்கள். சங்கிலிகள் எல்லாம் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கின்றன. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு வலு இதனால்தான்.

ஆக, உறையும் டைனீமா கயிறும் அடிப்படையில் ஒரே பொருள். இரண்டிலும் சங்கிலிகளை இழுத்து வைத்திருக்கிறார்கள். சூடு பட்டால் இரண்டுமே சுருங்கப் பார்க்கும். உறையில் நமக்கு வேண்டியது அந்தச் சுருக்கம். கயிற்றில் அது நடந்தால் வலு போச்சு. நிமிர்ந்த சங்கிலிகள் ஒருமுறை சுருண்டுவிட்டால், குளிர வைத்தாலும் பழைய ஒழுங்கு திரும்பாது. இந்த இடத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிளாஸ்டிக்கைச் சூடாக்குகிறோம், கயிற்றுக்கு என்ன வந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

எண்களைப் பாருங்கள். பாலிஎத்திலீன் அடங்கிய பாலிஒலிஃபின் குடும்பத்துச் சாதாரண உறை சுருங்க 90 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். டைனீமா உருகுவது 145 முதல் 150 டிகிரிக்குள். அதற்கு வெகு முன்பே வலு குறையத் தொடங்கிவிடும். நீண்ட நேரப் பயன்பாட்டுக்கு 70 டிகிரியே எல்லை. ஹீட் கன் ஊதும் காற்றோ 300 முதல் 600 டிகிரி வரை போகும். லைட்டர் பிடித்துச் சுருக்குகிறேன் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. மற்றக் கயிற்று இழைகளில் நைலான்-6 ஏறக்குறைய 220 டிகிரியிலும், பாலியெஸ்டர் 255 டிகிரியை ஒட்டியும் உருகுவதால் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. அராமிட் இழை உருகுவதே இல்லை. கயிற்றைச் சுற்றிப் போடும் பிடிமுடிச்சு, வேகமாக இறங்கும்போது உராய்வில் கொதித்துப்போகும். அதற்கான குறுங்கயிறுகளில் அராமிட் கலப்பது அதனால்தான். அந்த முடிச்சு கவ்விப் பிடிக்கும் பகுதியில் உறை போடவே கூடாது. வழுக்கும்.

உலோகக் கருவிகளில் இவ்வளவு கவலை இல்லை. பாறை ஏறுபவர்கள் இடுக்கில் செருகும் நட்டுகளின் கம்பி இணைப்பிலும், பனிக்கோடாரியின் கைப்பிடியிலும் உறை போடுவது வழக்கம்தான். கம்பி துருப்பிடித்தாலோ இழை அறுந்தாலோ தெரியாமல் மறைத்துவிடும் என்பது மட்டும் அங்கே குறை.

அந்தக் குறை கயிற்றில் பெரிதாகிறது. சூட்டில் கெட்ட நைலான் விறைத்து மினுமினுக்கும், தொட்டாலே தெரியும். கறுப்பு உறைக்குள் இருந்தால் எப்படித் தெரியும்? உட்புறம் பசை பூசிய உறை இன்னும் மோசம். உருகிய பசை இழைகளுக்குள் இறங்கி இறுகிவிடும், தையலைப் பார்க்க அதை உரிக்கவும் முடியாது. முடிச்சின் வால்நுனியை உறைக்குள் அடக்குவதும் தவறு. வால் குட்டையாகிக்கொண்டே வருவதுதான் முடிச்சு நழுவுவதற்கான முதல் எச்சரிக்கை.

தயாரிப்பாளர்கள் வேறு நிற நூலில் தைத்து, உள்ளே தெரியும் உறையைப் போடுவதற்குக் காரணம் இப்போது விளங்கும். என்ன இழைக்கு எவ்வளவு சூடு, எத்தனை நொடி என்பதை அவர்கள் சோதித்துப் பார்த்து, மாதிரிகளை இழுத்து அறுத்தும் பார்த்திருப்பார்கள். பட்டறை மேசையில் அந்த வசதி யாருக்கும் இல்லை. பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு தூக்குகருவி ஒழுங்குவிதிகளின்படி, ஆளைத் தாங்கும் கருவிகளைப் பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். எனவே, தயாரிப்பாளர் போட்ட உறை கிழிந்துவிட்டதென்றால் கடையில் வேறு வாங்கிச் சுருக்காதீர்கள். உள்ளிருக்கும் தையலைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் அந்தக் கயிற்றை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்.