789-ஐக் கேளுங்கள்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று நாம் போகிற காலனிகளில் எல்லாம் ஒரே கேள்விதான் காதில் விழுகிறது. நமக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே போகிறது? சாப்டூர் மலையடிவாரத்துப் பளியர் குடும்பங்களும் இதையே கேட்கின்றன. மயானத்துக்குப் பாதை இல்லை, மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் இல்லை. ஆனால் பட்ஜெட் புத்தகத்தில் கோடிகள் இருக்கின்றன.

மக்கள் தொகையில் நமக்குள்ள பங்குக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது பழைய விதி. பழங்குடியினருக்கு 1970-களின் நடுவிலும், பட்டியலினத்தாருக்கு 1979-80லும் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். இந்தப் பணம் மொத்தமாக ஆதிதிராவிடர் நலத்துறைக்கு வருவதில்லை. பல துறைகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. அரசுக் கணக்கில் இதற்கென்று ஓர் எண் உண்டு. பட்டியலினத்தாருக்கு 789, பழங்குடியினருக்கு 796. எந்தத் துறை எதற்காக இந்த எண்ணின் கீழ் செலவு எழுதியது என்று பார்த்தால் பாதி கதை வெளிவரும்.

டெல்லியில் அப்படித்தான் வெளிவந்தது. 2010 காமன்வெல்த் போட்டிக்குப் பட்டியலினத்தார் நிதியில் 700 கோடி ரூபாய்க்கு மேல் போனதை, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய காகிதங்கள் காட்டிக் கொடுத்தன. நிதி திருப்பப்பட்டதை அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொண்டார். காகிதம் இல்லாமல் அந்த வார்த்தை வந்திருக்காது.

நம் மாநிலத்தில் 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்தத் துணைத் திட்டத்தில் இருந்து 1,540 கோடி ஒதுக்கியதாகப் புகார் எழுந்தது. தேசிய பட்டியலினத்தோர் ஆணையம் தலைமைச் செயலாளரிடம் விளக்கம் கேட்டது. பட்டியலினப் பெண்களுக்குத்தான் அந்தப் பங்கு போகிறது என்பது அரசுத் தரப்பு. போகட்டும். தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கிற உரிமைத் தொகை நம் வீட்டுப் பெண்ணுக்கும் வரத்தானே வேண்டும்? அதை நம் தனிப் பங்கில் கழித்தால், கூடுதலாக நமக்கு வந்தது என்ன? எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்வி இதுதான்.

சரி, கோர்ட்டுக்குப் போகலாமா? போகலாம். ஆனால் கணக்குப் புத்தகம் எதிராளியின் பீரோவில் இருக்கும் வழக்கு எப்படி இழுக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. அங்கே பழங்குடிகளின் நிலத்துக் குத்தகை, எண்ணெய், மர வருமானத்தை அரசே வாங்கி, அவரவர் பெயரில் வரவு வைத்து வந்தது. அந்தக் கணக்கைக் காட்டு என்று பிளாக்ஃபீட் இனத்தைச் சேர்ந்த எலூயிஸ் கோபெல் 1996-ல் வழக்குப் போட்டார். இனத்தின் கணக்கு வழக்கைப் பார்த்த பெண்மணி அவர். வரவு செலவு தெரிந்தவர். முதலில் ஐந்து பேருடைய ஆவணங்களைக் கொடுங்கள் என்றது நீதிமன்றம். ஐந்தே பேர்! அதுவும் வரவில்லை. கிடங்கில் எலிப் புழுக்கையால் நோய்க் கிருமி பரவியிருக்கிறது, போய் எடுக்க முடியாது என்று கூட ஒரு காரணம் சொன்னார்கள். 1999 பிப்ரவரியில் நீதிபதி ராய்ஸ் லாம்பர்த், துறை அமைச்சர் புரூஸ் பாபிட்டையும் நிதியமைச்சர் ராபர்ட் ரூபினையும் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளிகள் என்று அறிவித்தார். வழக்கு நடக்கும்போதே நிதித்துறை 162 பெட்டி ஆவணங்களை அழித்து, மூன்று மாதத்துக்கு மேல் நீதிமன்றத்துக்குச் சொல்லாமல் இருந்ததும் பிறகு தெரிந்தது. 2009-ல் 340 கோடி டாலருக்குச் சமரசம். கோபெல் 2011-ல் காலமானார்.

மதுரைக் கிளையில் போடும் ரிட் மனுக்கள் பெரும்பாலும் சம்பந்தப்பட்ட ஆவணங்களை வரவழைக்கக் கோரியே தொடங்கும். ஆனால் எந்த ஆவணம் என்று தேதியும் எண்ணும் போட்டுச் சொன்னால்தான் அந்த வரிக்குப் பல் முளைக்கும். இல்லையென்றால் அரசு வக்கீல் ஒரு பதில் மனுவைத் தாக்கல் செய்வார், அதோடு சரி. ஆகவே மனுவுக்கு முன்னால் காகிதம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "துணைத் திட்ட நிதி எவ்வளவு" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த ஆண்டு, இந்த ஒன்றியம், 789-ன் கீழ் எந்த வேலைக்கு எவ்வளவு, அரசாணை எண் என்ன, நிதி விடுவித்த கடிதத்தின் நகல், பயன்பாட்டுச் சான்று, அளவீட்டுப் புத்தகத்தின் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளில் அங்கே அனுப்பி வைப்பது அவர்கள் வேலை, நம் வேலை அல்ல.

கர்நாடகமும் ஆந்திரமும் 2013-லேயே இந்த நிதிக்குத் தனிச் சட்டம் போட்டுவிட்டன. நமக்கு 2024-ல்தான் வந்தது. தாமதமானாலும் கேட்கிறவர் கையில் ஒரு பிடி கூடியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. தகவல் உரிமைச் சட்டம் நகல் வாங்க மட்டும் இல்லை. கோப்பை நேரில் பார்க்கலாம், நடக்கிற வேலையைப் பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளில் சான்றளித்த மாதிரியும் வாங்கலாம். காலனியில் போன மாதம் போட்ட ரோடு கால் பட்டாலே பெயர்கிறதா? அந்த ரோட்டின் மாதிரியையே கேட்டு எழுதுங்கள்.